சின்னக் கதவுக்கு எவ்வளவு

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷியாவில் பலுபா ஸ்டார்ஸ் கால்பந்து மைதானத்தின் பெரிய கேட்டில் ராய்டா கபாசோ பதினோரு வருஷம் நின்றாள். ஊரில் யாரும் அவளை ராய்டா என்று கூப்பிடுவதில்லை. மூத்த மகன் லோம்பே என்பதால் பானா லோம்பே, அதாவது லோம்பேயின் அம்மா. முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் ஓடிக்கொண்டிருந்தது: பூட்டு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வேலை அவளைத் தேடி வந்தது. அதற்கு முன்பு மைதானத்துக்கு வெளியே அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கோப்பை ஆட்டத்தன்று டிக்கெட் கிடைக்காத இளவட்டங்கள் கேட்டைத் தள்ளினார்கள். காவலுக்கு நின்ற இரண்டு ஆண்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தில் கரைந்துவிட்டார்கள். ராய்டா முட்டைப் பேசினைக் கீழே வைத்தாள். கேட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள். "என்னைத் தாண்டிப் போறவன் முதல்ல தன் அம்மா பேரைச் சொல்லிட்டுப் போகட்டும். நாளைக்கு நான் வீட்டுக்கு வரணும்ல!" என்று கத்தினாள். ஒருவனும் பெயர் சொல்லத் துணியவில்லை. கிளப் செயலாளர் முகுகா மாடியிலிருந்து இதைப் பார்த்தார். அடுத்த வாரம் அவள் தோளில் ஆரஞ்சு நிறச் சட்டை ஏறியது.

கணவன் சோல்வேசிச் சுரங்கத்தில் வேலை. மாதக் கடைசியில் வருவான், துணி துவைத்துக்கொடுத்ததும் போவான். லோம்பேயும் அவன் தம்பியும் பெரியவர்களாகித் தலைநகரம் போய்விட்டார்கள். வீட்டின் பின்னறையில் தங்கை ஆஸ்ட்ரிடா மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு போய் ஆறு வருஷமாகிறது. அந்த மூன்று பிள்ளைகளும் ராய்டாவின் கையில்தான் வளர்ந்தார்கள். மூத்தவள் சோலாவுக்குப் பதினொரு வயது.

கேட்டில் ராய்டாவுக்கு முகதாட்சண்யம் கிடையாது. பாஸ்டர் வந்தாலும் டிக்கெட். சீருடை போடாமல் போலீஸ்காரர் வந்தாலும் டிக்கெட். கைக்குழந்தையைத் தவிர நடக்கிற கால் எதுவாக இருந்தாலும் டிக்கெட். "மூணு வயசுதான் ஆகுது, பானா லோம்பே" என்று யாராவது கெஞ்சினால், பிள்ளையிடம் குனிந்து, "கண்ணு, எத்தனையாவது படிக்கிற?" என்பாள். பிள்ளை பெருமையாக இரண்டாம் வகுப்பு என்று சொல்லும். வரிசை முழுக்கச் சிரிக்கும். அப்பன் பர்ஸைத் திறப்பான்.

ஆனால் பெரிய கேட்டுக்கு இடப்பக்கம் ஆம்புலன்ஸ் போவதற்காக ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. அதன் சாவி ராய்டாவின் இடுப்பில் தொங்கியது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து அந்தக் கதவில் மூன்று தட்டு கேட்கும். அவள் திறப்பாள். சோலாவும் இரண்டு தம்பிகளும் குனிந்து உள்ளே ஓடிப் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆறு வருஷமாக இப்படித்தான். இதைத் திருட்டு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. மூன்று சின்ன உடம்பு எவ்வளவு இடத்தை அடைத்துவிடப் போகிறது என்றுகூட நினைத்ததில்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் மாதம், வெயில் தகரத்தை உருக்குகிற ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரான கிட்வேயிலிருந்து பழைய எதிரிகள் ஆட வந்தார்கள். கூட்டம் வரும் என்று தெரிந்ததும் கிளப் அன்று காலையில்தான் பிள்ளைகள் டிக்கெட்டை இருபது குவாச்சாவிலிருந்து முப்பதாக்கிவிட்டது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெரியவர்களுக்கு நாற்பது, அதில் மாற்றமில்லை.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வரிசையில் ஒரு மனிதர் மூன்று பிள்ளைகளோடு வந்தார். சந்தையில் பழைய டிரம்மை வெட்டிக் கரியடுப்பு செய்கிற சிசெங்கா. தேய்த்த வெள்ளைச் சட்டை, விரல் இடுக்கில் மட்டும் எத்தனை கழுவினாலும் போகாத கருப்பு. பெரியவள் மபாலோவுக்குப் பதினொன்று. அடுத்தவன் லுகுண்டோவுக்கு எட்டு. கடைக்குட்டி சான்சாவுக்கு ஆறு. மூன்று பேர் கன்னத்திலும் யாரோ பொறுமையாக ஸ்டார்ஸின் பச்சைக் கோடு வரைந்துவிட்டிருந்தார்கள்.

சிசெங்கா டிக்கெட்டை நீட்டினார். ராய்டா பழக்கத்தில் சரக்கென்று கிழித்தாள். கிழித்த பிறகுதான் தலையை எண்ணினாள். தலை நான்கு, டிக்கெட் மூன்று.

"இன்னொண்ணு எங்க?"

சிசெங்கா குரலைத் தாழ்த்தினார். "பானா லோம்பே, நேத்து வரைக்கும் புள்ளைக்கு இருபதுதான். சரியா நூறு கொண்டு வந்தேன். இங்க வந்து பாத்தா முப்பதுங்கிறாங்க. சின்னவன் என் மடியில உக்காந்துக்குவான். ஒரு இடமும் எடுக்க மாட்டான்."

தனியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். ராய்டாவுக்குக் கூட்டம் இருந்தால் நாக்கு தானாகக் கூராகிவிடும்.

"மடியா? மடிக்கு என்ன டிக்கெட்னு ஜன்னல்ல கேட்டீங்களா? ஐயா, பெத்துக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எண்ணத் தெரியலையா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. "எண்ணத் தெரிஞ்சிருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்த, சிரிப்பு இரண்டாவது முறை எழுந்தது. சிசெங்காவும் சிரித்தார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது. மபாலோ சிரிக்கவில்லை.

"அப்பா, நான் வெளிய நிக்கிறேன். நீங்க மூணு பேரும் போங்க" என்றாள்.

"உன்னைத் தனியா ரோட்ல விட்டுட்டா?" என்று சொல்லிவிட்டு, அவர் ராய்டாவிடம், "அப்போ இந்த டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்குவாங்களா, அம்மா?" என்று கேட்டார்.

"கிழிச்ச டிக்கெட் திரும்பாது. யாரு உள்ள போறது, யாரு நிக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க. வழிய விடுங்க, ஆட்டம் ஆரம்பிச்சிரும்."

சிசெங்கா சான்சாவைத் தூக்கிக்கொண்டார். வரிசையை விட்டு விலகினார். நான்கு பேரும் மதில் ஓரத்தில், ஊதாப்பூ உதிர்ந்து கிடந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போவார்கள் என்று ராய்டா நினைத்தாள். போகவில்லை. நூறு குவாச்சா கொடுத்துவிட்டு யார் உடனே வீட்டுக்குப் போவார்கள்? சத்தமாவது கேட்கட்டும் என்றிருக்கும்.

விசில் ஊதினார்கள். வரிசை தீர்ந்து கேட் காலியானது. வழக்கம்போலச் சின்னக் கதவில் மூன்று தட்டு. ராய்டா சாவியை எடுத்துத் திறந்தாள். சோலாவும் தம்பிகளும் குனிந்து நுழைந்தார்கள். நுழையும்போது சோலா மரத்தடியைப் பார்த்துவிட்டாள். "மபாலோ!" என்று சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். ஒரே வகுப்புப் பிள்ளைகள்.

மபாலோ கையை ஆட்டவில்லை. சோலாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு ராய்டாவைப் பார்த்தாள். பகையான பார்வை இல்லை. பள்ளியில் கணக்குச் சரியாக வராதபோது பலகையைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். ராய்டா கதவை அவசரமாகச் சாத்தினாள். சாத்தியவளுக்குக் கழுத்துக்குக் கீழே ஏதோ சூடாக இறங்கியது. வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

அதன்பின் இடைவேளை வரை அவளால் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஆனால் குரல் கேட்டது. சிசெங்கா பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒரு 'ஓ' வந்துச்சா? பந்து நம்மாளுகிட்ட இருக்கு. சத்தம் இடப்பக்கமா நகருது பாரு, அப்போ ஓரத்துல ஓடுறான். ஓடுறான், ஓடுறான்…"

உள்ளே பெரிய கூச்சல் எழுந்து பாதியில் அறுந்தது.

"கோலாப்பா?" என்றான் சான்சா.

"இல்லடா. கோல்னா தகரக் கூரையும் சேந்து அதிரும். இது கம்பத்துல பட்டிருக்கு."

ராய்டா திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். முன்னணி ஆட்டக்காரன் தலையில் கைவைத்து நிற்க, கோல் கம்பம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழவேண்டும் போலிருந்தது. ஏனென்று அவளுக்கே புரியவில்லை.

இடைவேளை வந்ததும் அவள் கேட்டை விட்டு வெளியே வந்தாள். மரத்தடிக்குப் போகிற இருபது அடியும் நீளமாக இருந்தது. அவர்கள் வறுத்த நிலக்கடலையைக் காகிதத்தில் வைத்து நான்காகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க. உள்ள போங்க. ரெண்டாம் பாதி பாக்கலாம்" என்றாள். அதட்டலாகத்தான் வந்தது. வேறு குரல் அவளிடம் அப்போது இல்லை.

சிசெங்கா எழுந்து நின்றார், மரியாதைக்கு. "பரவால்ல, பானா லோம்பே. இங்கயே நல்லாக் கேக்குது."

"காசு வேணாம். சும்மாத்தான் போகச் சொல்றேன்."

"அதான் வேணாங்கிறேன்" என்றார் அவர், மென்மையாகவே.

மபாலோ தோலை ஊதிவிட்டுக் கடலையைத் தம்பியிடம் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அம்மா, அந்தச் சின்னக் கதவுக்கு எவ்வளவு?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சோலா அதற்கு ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறாள், அது இருபதோ பத்தோ இருக்கும், அடுத்த முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவுக்கே வந்துவிடலாம் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தது.

"மபாலோ" என்றார் சிசெங்கா. பெயரை மட்டும் சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது.

ராய்டா கேட்டுக்குத் திரும்பி நடந்தாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கேட்டுப் பக்கத்தில் யாராவது கேட்டு அவள் பதில் சொல்லாமல் திரும்பியது அன்றுதான். இரண்டாம் பாதி தொடங்கியபோது மரத்தடியில் கடலைத் தோல் மட்டும் கிடந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆஸ்ட்ரிடா மக்காச்சோளக் களியும் கபெண்டா கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். சின்னப் பையன்கள் களியை உருட்டிக்கொண்டே இரண்டு கோலையும் நடித்துக்காட்டினார்கள்.

"பெரியம்மா, மபாலோ ஏன் வெளிய உக்காந்திருந்தா? நான் கூப்பிட்டேன், அவ பேசவே இல்ல" என்றாள் சோலா.

"சாப்பிடு" என்றாள் ராய்டா. பிறகு தங்கையைப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமே பசங்களைச் சின்னக் கதவுக்கு அனுப்பாத. பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு வரட்டும்."

"மூணு பேருக்குத் தொண்ணூறு குவாச்சா! நான் எங்க போவேன், அக்கா? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற, வீட்டுக்குள்ளயுமா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

ராய்டா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். தொண்ணூறு குவாச்சாவுக்கு எங்கே போவேன் என்று தங்கை கேட்டதும், இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டின் முன்னால் கேட்காமல் விழுங்கியிருப்பார்கள் என்று தோன்றியது. முகம் முகமாக ஞாபகம் வந்தது. அவள் சொன்ன நக்கல்கள் ஒவ்வொன்றும், அதற்கு யார் யார் சிரித்தார்கள் என்பதும். அந்த நக்கல்களை அவள் அன்றுவரை தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள்.

புதன்கிழமை நூறு குவாச்சாவை முடிச்சில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். திருப்பிக் கொடுத்து, மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு. டிரம் அடிக்கிற சத்தத்தை வைத்தே கடை தெரிந்தது. சிசெங்கா தலையைத் தூக்கி, "வாங்கம்மா, அடுப்பா?" என்றார்.

வாயில் இருந்த வார்த்தை அப்படியே தடம் மாறியது. "ஆமா. அடுப்புதான்."

"நாலு பேர் வீடா, பெரிய வீடா?"

"ஆறு பேர்."

அவர் ஒன்றை எடுத்துத் தட்டிக்காட்டினார். "இது நல்லா இழுக்கும். கரி கம்மியாத்தான் தின்னும். அறுபது." யாரோ ஒரு வாடிக்கைக்காரியிடம் பேசுகிற பேச்சு. அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிறாரா? ராய்டா நூறையும் அவர் கையில் வைத்துவிட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு, மிச்சத்துக்கு நிற்காமல் நடந்தாள். கிட்டத்தட்ட ஓடினாள்.

பழைய துணிக் கடைகளைத் தாண்டுவதற்குள் பின்னால் காலடி கேட்டது. லுகுண்டோ மூச்சிரைக்க வந்து நாற்பது குவாச்சாவை நீட்டினான். "நீங்க மறந்துட்டீங்களாம். அப்பா சொன்னாரு, விலைக்கு மேல நாங்க வாங்குறதில்லன்னு."

அவள் வாங்கிக்கொண்டாள். நடுச்சந்தையில், ஆறு பேருக்கான புது அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஏற்கெனவே இரண்டு அடுப்பு இருக்கிறது என்பது நினைவுக்கு வர, என்ன பிறவி நான் என்று நொந்துகொண்டாள். பேசப் போனவள் பேசாமல் வந்துவிட்டாள். அது முதல் வெட்கத்தைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது.

நவம்பரில் முதல் மழை பெய்த வாரம் கிளப் ரசிகர்கள் கூட்டம் நடந்தது. கிட்வே ஆட்டத்துக்குப் பிறகு படிக்கட்டுகள் பாதி காலியாகக் கிடந்தன. முகுகா எழுந்து, சுரங்கக் கம்பெனி தருகிற உதவி நின்றுபோனதையும், பஸ் டயர் தேய்ந்ததையும் சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் பிள்ளைகளுக்கும் நாற்பதே வைத்துவிடலாம் என்றார். "பெரியவன் கண்ணும் ரெண்டு, சின்னவன் கண்ணும் ரெண்டுதானே" என்றார். சிலர் சிரித்தார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் நின்ற ராய்டா கையைத் தூக்கினாள். வேலைக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் பேசும் வழக்கம் இல்லை. பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'பா' சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

"பா முகுகா, ஒண்ணு சொல்லலாமா? ஒரு பெரியவர் டிக்கெட் வாங்கினா, அவர் கூட வர்ற புள்ளைங்க எத்தனை பேரா இருந்தாலும் எல்லாருக்கும் சேத்து இருபது வைங்க. மொத்தம் அறுபதுல ஒரு குடும்பம் உள்ள வந்துரும். இப்ப அந்த இடம் சும்மாத்தானே கிடக்குது?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "டேய், பூட்டே திறக்கச் சொல்லுதுடா!" "மழைல துருப்பிடிச்சிருச்சு போல!" என்று மாறிமாறிக் கத்தினார்கள்.

முகுகாவும் சிரித்துவிட்டுக் கையமர்த்தினார். "சிரிக்காதீங்க. இந்தக் கிளப்ல ஒரு காசு ஒழுகாத இடம் ஒண்ணு இருக்குன்னா அது பானா லோம்பே நிக்கிற கேட். இவங்களை மாதிரி இன்னும் நாலு நேர்மையான ஆளு இருந்தா நான் எதுக்கு விலையை ஏத்தப் போறேன்?"

அந்தப் புகழ்ச்சி இல்லாமல் இருந்திருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ராய்டாவுக்கு அந்த ஆரஞ்சுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிவதுபோல இருந்தது.

"தட்டாதீங்க" என்றாள். கேட்கவில்லை. கேட்டில் கத்துகிற குரலில் கத்தினாள்: "கை தட்டாதீங்க! நான் ஆறு வருஷமா என் தங்கச்சி புள்ளைங்க மூணு பேரை ஆம்புலன்ஸ் கதவு வழியா சும்மா விட்டுட்டு இருந்தேன்."

தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"போன மாசம் கிட்வே ஆட்டத்துக்கு ஒருத்தர் மூணு புள்ளைங்களோட வந்தாரு. முப்பது குவாச்சா குறைஞ்சது. விலையை ஏத்தினது அவருக்குத் தெரியாது. எல்லாரும் பாக்க அவரை அசிங்கப்படுத்தி அனுப்பினேன். பத்து நிமிஷத்துல எங்க வீட்டுப் புள்ளைங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் புள்ளைங்க அதைப் பாத்துச்சுங்க." அவள் நிறுத்தினாள். மேலே சொல்ல இருந்தது. 

முதலில் யாரோ மெல்லச் சீட்டியடித்தான். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் எழுந்தார்: "என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்து மெலிஞ்சு போயிருந்தா. 'இது புள்ளையா, ஓசிக்காகச் சுருக்கி எடுத்துட்டு வந்தியா'ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. இன்னொருவர்: "எங்கப்பாவைப் பாத்து 'தாத்தாவுக்குப் பால்குடி டிக்கெட்டா'ன்னு கேட்டே." அதுவும் ஞாபகம் இருந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் சுவரில் சாயாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றையும் மறுக்கவில்லை. தலையைக் குனிந்தால் அழுகை வந்துவிடும், அழுதால் பரிதாபப்பட்டு நிறுத்திவிடுவார்கள் என்று குனியாமல் நின்றாள்.

முகுகாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. அவர்தானே வேலைக்கு வைத்தவர். "சட்டையையும் சாவியையும் மேசைல வைங்க, பானா லோம்பே. பருவம் முடியுற வரைக்கும் வர வேணாம். அப்புறம் கமிட்டி பாத்துக்கும்."

அவள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். சாவிக்கொத்தை அதன்மேல் வைத்தாள். கதவை எட்டும்போது, காய்ச்சல்காரப் பெண்ணின் தகப்பன் பின்னால் பேசுவது கேட்டது.

"இவ பண்ணினது களவுதான், அதுல மாத்துப் பேச்சில்ல. ஆனா இவ சொன்ன டிக்கெட் சரியா தப்பா? அதைச் சொல்லுங்க பா முகுகா. எனக்கு நாலு புள்ளைங்க. கூட்டிட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கை தூக்கச் சொல்லுங்க, எத்தனை பேருக்கு இப்படின்னு பாப்போம்."

முடிவைக் கேட்க அவள் நிற்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஐந்து ஆட்டத்துக்கு மட்டும் பரிசோதனையாக அறுபது குவாச்சா குடும்ப டிக்கெட் என்று முடிவானது மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. சொன்ன பெண் அவளிடம் சொல்லவில்லை. அவள் காதில் விழும்படி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

இந்த முறை முடிச்சில் காசு எதுவும் கட்டாமல் சிசெங்காவிடம் போனாள். அடுப்பா என்று அவர் கேட்கும் முன்பே பேசிவிட்டாள்.

"அடுப்பு வாங்க வரல. அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினது தப்பு. எங்க புள்ளைங்களை உள்ள விட்டுட்டு உங்க புள்ளைங்களை வெளிய நிறுத்தினது அதைவிடத் தப்பு. மன்னிச்சிருங்க."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. கூட்டத்துல நடந்தது கேள்விப்பட்டேன். நீங்க உங்க வேலையைத்தான் செஞ்சீங்க. நான்தான் தாளைப் படிக்காம வந்துட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற என்ன சொல்லட்டும்?" என்றார். கோபம் இல்லை. அவள் வாங்கிக்கொள்ளத் திட்டோ மன்னிப்போ அவரிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புது டிக்கெட் வருது. ஞாயித்துக்கிழமை புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"கேட்டுப் பாக்கிறேன். முன்ன மாதிரி நான் சொன்னா வந்துர்ற வயசு இல்ல." அவர் கடையின் உள்பக்கம் பார்த்தார். கவிழ்த்த டிரம்மின்மேல் நோட்டை வைத்து மபாலோ எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நிற்கவே இல்லை. ராய்டா அங்கிருந்த நேரம் முழுக்க அந்தப் பிள்ளை தலையைத் தூக்கவில்லை. எழுந்து வரும்போது ராய்டா, "போயிட்டு வர்றேன், கண்ணு" என்றாள். "சரிங்கம்மா" என்று நோட்டைப் பார்த்தே பதில் வந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

டிக்கெட் பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிறு சுமாராகத்தான் வந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் படிக்கட்டில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் என்றார்கள். எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்கிற பெண்கள் இரண்டு தடவை மாவு பிசைந்தார்களாம். ஆஸ்ட்ரிடாவும் அறுபது கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தவள் அன்று வந்து, "சோலா பெரிய கேட் வழியா நெஞ்சை நிமித்திட்டுப் போனா, அக்கா. டிக்கெட்டைக் கடைசி வரைக்கும் கைய விட்டு விடல" என்றாள். ராய்டா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் மறுபடி அவித்த முட்டை விற்றாள், ஆனால் மைதானத்துக்கு முன்னால் அல்ல, பஸ் நிலையத்தில்.

அடுத்த பருவம் தொடங்கி ஒரு மாதத்தில் முகுகாவே வீடு தேடி வந்தார். கேட்டில் போட்ட புது ஆட்கள் சிநேகிதர்களையெல்லாம் உள்ளே விடுகிறார்கள், குடும்ப டிக்கெட்டில் அடுத்தவன் பிள்ளையைக் கைபிடித்துக்கொண்டு நுழைகிறார்கள் என்று புலம்பினார். "கமிட்டி சரின்னுடுச்சு. சாவி மட்டும் கிடையாது" என்றார்.

"சாவி வேணாம்" என்றாள் ராய்டா.

மறுபடி நின்றாள். ஆனால் வாய் திறப்பதில்லை. டிக்கெட்டைக் கிழிக்கும் முன்பு தலையை எண்ணினாள். குறைந்தால் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். பழைய ஆட்கள் சிலர் சீண்டிப் பார்த்தார்கள். "என்ன பூட்டு, நாக்குக்குப் பூட்டா?" என்றான் ஒருத்தன். அவள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, "ஆட்டத்தை நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிசெங்கா வருகிறாரா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் வரிசையைத் தேடினாள். வரவில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டமே வெறுத்துவிட்டது என்று நினைத்து அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் மாதம், குளிரில் எல்லாரும் கம்பளியோடு வந்த ஒரு நாள், ஸ்டார்ஸ் கோல் போட்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. ராய்டா திரும்பிப் பார்த்தாள். மைதானத்தின் எதிர்ப்பக்கப் படிக்கட்டில், அந்த வெள்ளைச் சட்டை. சான்சா அவர் தோளில் ஏறி நின்றான். லுகுண்டோ குதித்தான். பக்கத்தில் ஒரு விரல் உயரம் வளர்ந்துவிட்ட மபாலோ, கன்னத்தில் பச்சைக் கோடு இல்லாமல், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஆஸ்பத்திரி ரோட்டு வழியாக, மைதானத்தின் இன்னொரு வாசலான பின்கேட்டுக்குச் சுற்றி வந்திருக்கிறார்கள். சந்தைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது இருபது நிமிஷம் அதிக நடை. அங்கே டிக்கெட் கிழிக்கிற பையனிடம் அவள் பிறகு பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அந்த அடுப்புக்காரரா? பருவம் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு ஆட்டம் விடலையே" என்றான். "ஏன், பானா லோம்பே? ஏதாச்சும் பாக்கியா?"

"இல்ல. தெரிஞ்சவங்க, அதான்" என்றாள்.

அவர்கள் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். அந்தக் குளிரில், மூன்று பிள்ளைகளோடு, அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர்கள் நடக்கிற அந்த இருபது நிமிஷத்தையும் அவள் நினைத்தாள். பின்கேட்டுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று முகுகாவிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், நேரில் பார்த்து இன்னொரு தடவை பேசலாம் என்று. பிறகு, அப்படிப் போனால் அவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்று எண்ணி, அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது அவள் பெரிய கேட்டை முழுதாகத் திறந்து வைத்து ஓரமாக நின்றாள். எதிர்ப்பக்கப் படிக்கட்டு மெல்லக் காலியாகி, அந்த நான்கு தலைகளும் பின்கேட்டில் மறையும் வரை பார்த்தாள்.